குளிர்ந்த தண்ணீர் மீனுக்கு ஹீட்டர்

இன்று காலை வீட்டில் இருந்தது நான், மகன் பாஸ்கர், மருமகள் கலா, தொட்டிக்குப் பாசி கொண்டுவந்த பல்லாவரம் சந்தை மீன்காரன் மணி.

எங்களுடையது எட்டுப் பொடி மீன்கள். குளிர்ந்த தண்ணீரில்தான் கூட்டமாகத் திரியும். தாம்பரம் வெயிலுக்குத் தினமும் ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவேன்.

மணி சிரித்தான். "இன்னா ஆயா, மீனுக்கு ஜலதோஷம் புடிக்காதா? என்கிட்ட ஹீட்டர் கீது."

"வேண்டாம்டா" என்றேன்.

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்று பாஸ்கர் வாங்கி மாட்டிவிட்டான்.

கோயிலுக்குப் போய்த் திரும்பினால் ஏழு மீன் செத்து மிதக்கிறது. மிச்சம் ஒன்று கல்லுக்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கிறது. தீனியைத் தொடவில்லை. கூட்டம் இல்லாமல் அது எத்தனை நாள் தாங்கும்?

மணி வியாபாரி, போகட்டும். கலா அழுதாள், அவளையும் விட்டேன்.

சமாதானம் பேச வருகிறவர்கள் வாருங்கள், காபி உண்டு. ஆனால் "மீன்தானேம்மா" என்று சொன்னவனை மன்னிக்க மாட்டேன். அவன் என் மகன் பாஸ்கர்.