பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாத தோல்

மதுரை ஆஸ்பத்திரியில் என் மகளின் கையில் குத்திய ஊசி நகராமலிருக்க நர்ஸ் பிளாஸ்திரியைக் கிழித்தார். அந்த ரப்பர் வாசனை மூக்கில் பட்டதும் தம்பியின் முழங்கால்தான் கண்முன் வந்தது.

எண்பதுகளில் நாங்கள் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். மூன்று வயதுத் தம்பியின் முழங்காலைக் கருவேலமுள் கிழித்துவிட, பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் அவன் அந்த இடத்தைச் சொறிந்து சொறிந்து அழுதான். பிளாஸ்திரி ஓரமெல்லாம் சிவந்து, பொடிக் கொப்புளங்கள்.

"அம்மை போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையாத," என்றார் பெரியம்மா. அப்பா வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். அம்மா தம்பியின் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். வேறெங்கும் ஒன்றுமில்லை.

"அம்மைன்னா பிளாஸ்திரி அளவுக்குக் கட்டம் கட்டியா வரும், அக்கா?" என்றாள் அம்மா.

"மாரியாத்தாளைச் சோதிக்காத."

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். "தாயே, நான் செய்றது தப்புன்னா எனக்குக் குடு, பிள்ளைய விட்டுரு," என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

டாக்டர் தேங்காயெண்ணெய் தடவி பிளாஸ்திரியை மெல்ல உரித்தார். "அம்மை இல்லம்மா. பிள்ளைத் தோலுக்கு இந்தப் பசை ஒத்துக்கிடல. துணிக்கட்டு போதும்," என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதை நர்ஸிடம் சொன்னேன். அவர் காகித டேப் எடுத்து ஒட்டினார்.

"இது ஒண்ணும் செய்யாதுக்கா."

தலையாட்டினேன். அவர் போனதும் நாற்காலியை மகளின் கைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.