மழையில் வெளுத்த சுவர்

பாரிஸின் கிழக்குப் புறநகரில் சுவரெழுத்து எழுதிப் பிழைத்தவன் பார்னபே. ராஜா காலத்தில் கடைச் சுவர்களில் அரச சின்னமான அல்லிப்பூவை வரைந்தான். பஸ்தீய் சிறையைத் தகர்த்த அன்று கோடரியோடு முன்னால் ஓடியவர்களில் அவனும் ஒருவன். இனி யாருக்கும் குனிய வேண்டியதில்லை என்று மனதார நம்பினான். ராஜா போன பிறகு, ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம், இல்லாவிட்டால் மரணம்’ என்று வீட்டுக்கு வீடு எழுதும் வேலை வந்தது. முதல் மூன்றையும் ரசித்து எழுதுவான். கடைசியை எழுதும்போது மட்டும் கை அவசரப்படும்.

விதவை தொரோத்தேயின் ஒயின் கடைச் சுவரில், பத்து வருஷத்துக்கு முன் அவனே வரைந்த மூன்று அல்லிகள் இருந்தன. எண்ணெய் வர்ணத்தை எண்ணெய் வர்ணத்தால்தான் மூட வேண்டும். ஆனால் அந்த வர்ணம் குழைக்க வேண்டிய ஆளிவிதை எண்ணெய் ஊரிலேயே கிடைக்கவில்லை. இவன் சுண்ணத்தில் பசையைக் கரைத்துப் பூசி, மேலே வாசகத்தை எழுதிவிட்டுப் போய்விட்டான். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா அது?

வசந்தத்தில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை வாசகம் கரைந்து சாக்கடையோடு போயிருந்தது. அல்லிகள் மூன்றும் பளிச்சென்று நின்றன. ரொட்டி வரிசையில் ஒருத்தி, மழையும் ராஜா கட்சிதான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். மத்தியானத்துக்குள் புரட்சி அரசின் கண்காணிப்புக் குழு ஆட்கள் தொரோத்தேயைப் பிடித்துப் போனார்கள். ராஜா ஆட்சி திரும்பட்டும் என்று அவளே வரைந்தாளாம். தலை போகிற குற்றம்.

பார்னபேக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சொன்னால் தன் தலை, சொல்லாவிட்டால் அவள் தலை. மறுநாள் காலை கண்காணிப்புக் குழுவின் அறைக்குப் போனான். மேஜைக்குப் பின்னால் ஒனோரே உட்கார்ந்திருந்தான். செருப்புத் தைப்பவன், பஸ்தீய் வாசலில் இவனோடு தோளோடு தோள் நின்றவன். பார்னபே சுண்ணம், பசை, மழை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

ஒனோரே பேனாவைக் கீழே வைத்தான். “நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. வெளியே போ. போனவன் அப்படியே வீட்டுக்குப் போயிடு.”

பார்னபே வெளியே வந்தான். உயிர்ப்பயம் என்றால் என்னவென்று பஸ்தீய் வாசலில்கூட அவனுக்குத் தெரிந்ததில்லை, இந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது. நாலு படி இறங்கினான். மூடிக் கிடந்த தொரோத்தேயின் கடை அங்கிருந்தே தெரிந்தது. இவன் கலப்பட வேலைக்கு அவள் சாகவா? வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. திரும்பி உள்ளே போனான்.

“தப்பு என்னுதுதான் ஒனோரே. எழுதிக்க. அவள விட்டுடு.”

“விட முடியாதுடா. குழு ஒரு ஆளப் பிடிச்சா அது தப்பாப் பிடிச்சதா இருக்கக் கூடாது. நாமே தப்புன்னு ஆயிட்டா குடியரசு என்னத்துக்கு ஆகும்?”

“இதுக்காடா நாம அன்னிக்குக் கோடரி தூக்கினோம்?”

ஒனோரேயின் கண் கலங்கியிருந்தது. பேனாவை மையில் தோய்த்தான். கைதிகள் பட்டியலில் தொரோத்தேயின் பெயரை அடிக்காமல், அதற்குக் கீழே பார்னபேயின் பெயரை எழுதினான்.