ஒஸ்வால்ட் கேட்காமல் விட்ட சொல்

ஒரு வீட்டுப் பூனையைக் கிழமைக்கு ஒரு பாஷையில் கூப்பிட்டால் கொட்டாஞ்சேனைச் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? போன கிழமை மலாய், இந்தக் கிழமை துருக்கி. ஒஸ்வால்ட் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "கெதி, கெதி" என்று கூப்பிடுவார். துருக்கியில் அது பூனையாம். அடுப்படியில் நிற்கும் மனைவி ஐறீனுக்கு அது தெரியுமா என்ன? கெதியாய் ஆகட்டும் என்று தன்னைத்தான் அவசரப்படுத்துகிறார் என்று நினைத்து, "எனக்கென்ன நாலு கையே இருக்கு?" என்று அங்கிருந்தே ஒரு சத்தம் போடுவாள். பூனை மட்டும் அவர் காலடியில் வந்து சுருண்டு படுக்கும். எந்தப் பாஷையில் கூப்பிட்டாலும் அது வரும்.

கப்பல்களுக்கு அரிசியும் மரக்கறியும் நல்ல தண்ணீரும் கொடுக்கும் கம்பனி ஒன்றில் அவர் கிளாக்கர். வள்ளத்தில் போய்க் கப்பலில் ஏறிக் கணக்கை முடித்ததும் நேரே சமையல்காரனிடம் போவார். எலிக்குப் பயந்து எந்தக் கப்பலிலும் ஒரு பூனை வைத்திருப்பார்கள். அதைக் காட்டி, "இதுக்கு உங்கட ஊரிலை என்ன பேர்?" என்று பாதி இங்கிலீசிலும் பாதி கையாலும் கேட்பார். மலாய்க்காரன் கூச்சிங் என்பான். சீனன் மாவ் என்பான். அதென்ன பேர், பூனையே தன் வாயால் சொல்லிக்கொண்ட மாதிரி! அன்றைக்கு முழுதும் மாவ் மாவ் என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

இந்தப் பைத்தியத்துக்கு வித்துப் போட்டவளே ஐறீன்தான். ஒஸ்வால்ட் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். அவருடைய வீட்டில் பூனையைப் பூசை என்றுதான் சொல்லுவார்கள். கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் வாசலில் நின்று, "பூசை, பூசை, இஞ்ச வா" என்று கூப்பிட்டார். கத்தோலிக்கக் கோயில் மணிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஐறீனுக்குப் பூசை என்றால் ஒன்றே ஒன்றுதான். சுவாமியார் பீடத்தில் வைக்கிற பூசை.

"ஐயோ சேசுவே! வாயைக் கழுவுங்கோ. கருவாடு களவெடுக்கிறதுக்குப் போய்ப் பூசை எண்டு பேரோ?"

"எங்கட அம்மா அப்பிடித்தானே கூப்பிடுறவ."

"இந்த வீட்டிலை அந்தச் சொல்லு வேண்டாம். எனக்காக."

எனக்காக என்று அவள் கேட்ட முதற் காரியம் அது. ஒஸ்வால்ட் சத்தியம் பண்ணிக்கொடுத்தார். பூனையைப் பூனை என்று கூப்பிட அவருக்கு நாக்குக் கூசியது. அது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல்லாம். அதனால் வேறு சொல் தேடிக் கப்பல் கப்பலாக ஏறத் தொடங்கினார்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டபின் சாய்மனைக் கதிரையில் கிடப்பார். பூனை வயிற்றின் மேல் கிடக்கும். கடற்காற்று யன்னல் சீலையை ஊதி ஊதி விடும். துறைமுகத்தில் ஏதாவது ஒரு கப்பல் தூக்கத்தில் முனகுகிறவனைப் போல ஊதும். அப்போதுதான் அவருக்குப் பேச்சு வரும், அரைத் தூக்கத்தில்.

"அரபிக்காரன் கித்த் எண்டுறான். கிரேக்கன் காத்தா. போர்த்துக்கீசன் காத்து. டச்சுக்காரனுக்கும் இங்கிலீசுக்காரனுக்கும் கற். எல்லாம் ஒரே பூனைதான் ஐறீன். கப்பலுக்குக் கப்பல் பாய்ஞ்சு பாய்ஞ்சு உலகம் சுத்தியிருக்கு. மற்றது வேறை வழியாலை வந்த பூனை. எகிப்துக்காரி அடுப்படியிலை பிஸ்ஸ எண்டுறாளாம். இங்கிலீசுக்காரி புஸ் எண்டுறாள். சந்திக் கடைச் சிங்கள முதலாளி பூசா எண்டுறார். எங்கட..."

அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். வாய்க்குள் வந்த சொல்லை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, புத்தகமும் எழுத்தும் இல்லாத காலத்தில் ஏதோ ஒரு கரையில், மீன் செதில் ஒட்டின கையோடு வாசலில் நின்ற ஒருத்தியைப் பற்றிச் சொல்லுவார். அவள் சொல்லாக ஒன்றும் சொல்லவில்லையாம். உதட்டைக் குவித்துக் காற்றைத்தான் விட்டாளாம். இருட்டுக்குள் இருந்த ஒன்று வெளிச்சத்துக்கு வந்து அவள் காலில் உரசினதாம். அந்தக் காற்றைத்தான் நாம் எல்லோரும் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறோமாம். கேட்டுக்கொண்டே ஐறீனும் சுவரில் சாய்ந்தபடி நித்திரையாகிவிடுவாள். அந்தப் பின்னேரங்களைப் போல ஒரு சுகத்தை அவள் பிறகு கண்டதில்லை.

அதைக் கெடுத்தது ஒரு பாஸ்காத் திருநாள். பூனை அவர்களுக்குத் தெரியாமல் பின்னால் வந்து, கோயிலுக்குள் புகுந்து, நடுவழியால் பீடம் வரைக்கும் போய்விட்டது. அங்கே பிரான்சுக்காரச் சுவாமியார் திரும்பினார், அதைக் கண்டார், திடுக்கிட்டுப் போய், "சா! சா!" என்றார். கோயில் முழுவதும் கேட்டது. ஒஸ்வால்ட் எழும்பினார், பூனையைத் தூக்கினார், நடந்தார். பின்னால் ஓடிவந்த ஐறீனிடம் படியில் நின்று சொன்னார்:

"ஆண்டவற்றை வீட்டிலை நிண்டுகொண்டு வாயில்லாத சீவனைச் சா எண்டு சொல்லுறவற்றை கையாலை எனக்கு நற்கருணை வேண்டாம்."

அவ்வளவுதான். அதன்பிறகு அவர் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பிரெஞ்சுக் கப்பல் வந்தால் வேறு கிளாக்கரை அனுப்பிவிடுவார். "அவங்களிட்டை நான் ஒண்டும் கேட்கமாட்டன்" என்பார். அவர் பிடித்தால் பிடிதான். சுவாமியாரிடம் போய் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க ஐறீனுக்கும் வாய் வரவில்லை. சுவாமியாரிடம் போய் யார் நியாயம் கேட்கிறது?

அவளுக்கு ஒரே ஒரு பயம். கோயிலுக்கு வராதவருக்குக் கோயில் சவக்காலையில் இடமில்லை. கனத்தைப் பொதுமயானத்தில் எங்கேயோ ஒரு மூலையில் அவரும், இங்கே தன் தாயின் குழிக்குப் பக்கத்தில் அவளுமாகக் கிடக்கவேண்டி வரும். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு அவள் கொளுத்தாத மெழுகுதிரி இல்லை.

ஒருநாள் ஒஸ்வால்ட் வள்ளத்தில் இருந்து இறங்கும்போதே விழுந்தார். பாரிசவாதம். வலதுபக்கம் போனது, பேச்சும் போனது. அத்தனை நாட்டுச் சொல்லும் ஒரே நாளில் கரைந்துபோனது. ஐறீன் என்ற பெயரும் வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய உதடு அசைந்தது.

"பூ... சை."

ஐறீன் அவருடைய வாய்க்குக் கிட்டக் குனிந்தாள். "பூசையே கேட்கிறீங்கள்? என்ரை ராசா, பூசையே?"

"பூசை" என்றார் அவர், இன்னும் தெளிவாக.

அவள் செருப்பும் போடாமல் கோயிலுக்கு ஓடினாள். சுவாமியார் வந்தார், கண் கலங்கினார், கடைசி எண்ணெய் பூசி அவஸ்தை கொடுத்தார். "பூசை வேணுமா, மகன்?" என்று குனிந்து கேட்டார். ஒஸ்வால்டின் முகம் மலர்ந்தது. ஆனால் கண் சுவாமியாரிடம் இல்லை. யன்னலில் இருந்தது. மூடிய கண்ணாடிக்கு வெளியே பூனை குந்திக்கொண்டிருந்தது. ஐறீன் அந்தக் கண்ணையும் பார்த்தாள், யன்னலையும் பார்த்தாள். பார்த்தும் பார்க்காதவள் மாதிரி நின்றாள். சுவாமியார் போனபின் அவள் யன்னலைத் திறந்து விட்டதும் பூனை குதித்து அவர் கழுத்தடியில் படுத்துக்கொண்டது. அவர் அதன்பின் அந்தச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை. விடிய முன்னம் போய்விட்டார்.

கொட்டாஞ்சேனை முழுவதும் ஒரே கதை. கடைசி நேரத்தில் பூசை கேட்டாராம், மனிசியின் செபம் வீண்போகவில்லையாம். கோயிலில் பெட்டியை வைத்ததும் சுவாமியாரும் அதையே சொன்னார். "இந்த மனிதர் எல்லாச் சொல்லையும் இழந்தார். பூசை என்ற சொல்லை மட்டும் இழக்கவில்லை." முன்வரிசையில் இருந்த ஐறீனுக்குக் காது சுட்டது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பூனை வந்தது. கிழடாகிப்போன அதே பூனை, நடுவழியால், அன்றைக்குப் போலவே ஆறுதலாக நடந்து வந்தது. கோயில் பார்க்கிற சவுந்தரநாயகம் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். சுவாமியார் திரும்பினார், கண்டார், திடுக்கிட்டார்.

"சா!"

ஐறீன் எழும்பிவிட்டாள். அவளுக்கே தெரியாமல் எழும்பிவிட்டாள்.

"செத்துக் கிடக்கிறவருக்கு முன்னாலையுமா சுவாமி அந்தச் சொல்லு? அண்டைக்கு நீங்கள் இதைச் சொன்னதாலைதானே அவர் வராமல் விட்டவர்! அவர் உங்கட பூசையைக் கேட்கேல்லை. இதைத்தான் கேட்டவர். அவற்றை ஊரிலை இதுக்குத்தான் பூசை எண்டு பேர். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் வாயை மூடிக்கொண்டிருந்தனான். இனி அவரைக் கனத்தைக்குக் கொண்டு போகச் சொன்னாலும் கொண்டு போறன். அதைச் சாகச் சொல்லாதையுங்கோ."

சுவாமியார் பீடத்தடியை விட்டு அவளிடம் இறங்கி வந்தார்.

"நான் என்ன சொன்னேன், மகள்?"

"சா எண்டு."

கிழவர் அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

"சா இல்லை. ஷா. எங்கள் பாஷையில் பூனைக்கு அதுதான் சொல். திடுக்கிட்டால் எனக்கு என் அம்மா தந்த சொல்தான் வாயில் வருகிறது. அன்றைக்கும் அதுதான் வந்தது." பெட்டியைப் பார்த்து, "அவர் ஏன் வரவில்லை என்று நானும் ஒருநாளும் கேட்கவில்லையே" என்றார்.

ஐறீன் முன்வரிசையில் தனக்குப் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இருக்கை இந்த ஒரு சொல்லுக்காகவா? யாராவது ஒரு பிரெஞ்சுக் கப்பல் சமையல்காரனிடம் ஒருதரம் கேட்டிருந்தால் போதுமே, மனிசா!

"சவுந்தரநாயகம், அதை விடு" என்றார் சுவாமியார். "அவர் கேட்ட பூசை வந்துவிட்டது. நான் வைக்கிற பூசையையும் கேட்டுவிட்டு இங்கேயே, நம்முடைய சவக்காலையிலேயே படுக்கட்டும்."

பூனை பெட்டிக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டது. ஐறீன் முன்னுக்குப் போனாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியின் மேல் குனிந்து, அவர் காதுக்குக் கிட்ட வாயை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, பிரெஞ்சுக்காரர் ஷா எண்டுதான் கூப்பிடுறவையாம். கேட்டீங்களே? ஷா."