புள்ளியக்காவின் வெள்ள வரைபடம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் புள்ளியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். நகரத்தில் எங்கே என்ன இருக்கிறது என்பதைக் கணினி வரைபடத்தில் புள்ளி புள்ளியாகப் போடுவது அவள் வேலை. தெருவிளக்கு, குப்பைத்தொட்டி, பேருந்து நிறுத்தம் என்று எதைக் கேட்டாலும் புள்ளியாக்கிக் கொடுத்துவிடுவாள். ஆனால் வெறுமனே போட்டுவிட்டு எழுந்துபோகிற ஆள் இல்லை. எந்தப் புள்ளி பெரிதாக இருக்கவேண்டும், எது என்ன நிறம், எதற்கு வட்டம், எதற்குச் சதுரம் என்று மணிக்கணக்காக மல்லுக்கட்டுவாள். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் வழித்தட வரைபடத்தில் குறை கண்டுபிடித்துக்கொண்டே நின்று, வந்த பேருந்தைக் கோட்டைவிட்ட கதைகள் ஏராளம்.

அந்த ஆண்டு மழை விடுவதாக இல்லை. ஆறு கரையை நக்கிக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடங்கள், மண்டபங்கள், விளையாட்டரங்கம் எல்லாவற்றையும் வெள்ள முகாம்களாகத் திறக்க முடிவானது. அவற்றை மக்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வரைபடம் வேண்டும். பேரிடர்ப் பிரிவின் தலைவர், மூக்குக் கண்ணாடியை எப்போதும் வழுக்கைத் தலையில் ஏற்றி வைத்திருப்பவர், ஒரு கோப்பை அனுப்பிவிட்டு அவள் மேசைக்கே வந்து நின்றார்.

அவள் கோப்பைத் திறந்தாள். முகாம்கள் எல்லாம் ஒரே சிவப்பில், ஒரே அளவில், ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்றன. நகரத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"சார், இதைப் பார்த்துட்டு யார் எங்க போவாங்க?"

"அதான் புள்ளி இருக்குல்ல? பக்கத்துல இருக்கிறதுக்குப் போவாங்க."

"நிரம்பின முகாமும் இதே புள்ளி, காலியா இருக்கிறதும் இதே புள்ளி. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணா அழுத்திப் பார்த்துட்டா இருப்பாங்க?"

தலைவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ஒருமுறை பார்த்தார். "சரி, உங்க கைவரிசையைக் காட்டுங்க. ஆனா சீக்கிரம்."

அவ்வளவுதான், அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொரு முகாமிலும் எத்தனை பேருக்கு இடமிருக்கிறதோ அதற்கேற்ற அளவில் புள்ளியைப் பெரிதாக்கினாள். உடனே விளையாட்டரங்கத்தின் புள்ளி பூதமாக எழுந்து ஆற்றையும் இரண்டு பாலங்களையும் விழுங்கிவிட்டது. ஏன் என்று யோசித்தாள். நாலு மடங்கு இடமென்றால் வட்டத்தின் குறுக்களவையும் நாலு மடங்கு ஆக்கியிருந்தாள். பரப்பு பதினாறு மடங்கு ஊதிவிட்டது. "அடிப்படைக் கணக்குலயே கோட்டை விட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, பரப்பு நாலு மடங்கு ஆகும்படி குறுக்களவைப் பாதியாக்கினாள். பூதம் அடங்கியது. ஆறு வெளியே வந்தது. பிறகு நிறம். இடமிருந்தால் பச்சை, நிரம்பிவிட்டால் சிவப்பு. ஒத்திகைக்குச் சில முகாம்களை நிரம்பியதாகப் போட்டுப் பார்த்தாள்; சின்னக் குழந்தைக்கும் புரியும். திருப்தியாக வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவள் கணவர் தச்சர். கட்டில், அலமாரி செய்து தன்னுடைய சின்ன வேனிலேயே கொண்டுபோய் இறக்குவார். வெள்ளம் வந்தால் ஆட்களை ஏற்றிப்போக வேனைத் தருவதாகப் பெயரும் கொடுத்திருந்தார். தலையில் மரத்தூளோடு சாப்பிட உட்கார்ந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்தாள்.

"என்னங்க, வேன் நிறைய ஆளு இருக்குன்னு வச்சுக்குங்க. எங்க கொண்டுபோவீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. ஒரு பெரிய சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தார்.

"விளையாடாதீங்க. அது நிரம்பிடுச்சு."

"எப்படிச் சொல்ற?"

"சிவப்பா இருக்கே!"

"பக்கத்துல இருக்கிறது?"

"பச்சை."

அவர் கணினியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளி வைத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே பழுப்பு மாதிரிதானே இருக்கு?"

எதிரே உட்கார்ந்திருந்த மகள் கரண்டியைக் கீழே போட்டாள். "அப்பா, அப்ப சிக்னல்ல எப்படி வண்டி ஓட்டுறீங்க?"

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். இதுல என்ன இருக்கு?"

புள்ளியக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "அப்ப அந்தப் பச்சை ஸ்வெட்டர்! நான் பச்சை கேட்டேன், நீங்க பளிச்சுனு சிவப்புல வாங்கிட்டு வந்தீங்க. கேட்டா, கடையில பச்சை தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க!"

"பில் போடும்போது கடைக்காரன் ஒரு மாதிரி சிரிச்சான். அப்பவே சந்தேகம்தான்."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"இதைப் போய் என்னன்னு சொல்றது? எனக்குத் தெரியாததை எனக்குத் தெரியலைன்னா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உங்களை மாதிரி ஊர்ல எத்தனை ஆம்பளைங்க இருப்பாங்க தெரியுமா? அத்தனை பேரும் நிரம்பின முகாமுக்கே போய் நின்னிருப்பாங்க. நல்லவேளை, உங்களுக்குக் கண்ணு தெரியலை!"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்றார் தச்சர், சோற்றைப் பிசைந்தபடி. "உன் படம்தான் தெரியலை."

மறுநாள் காலை அவள் சொன்னதைத் தலைவர் முதலில் நம்பவில்லை. "சிவப்புன்னா ஆபத்து. இது உலகத்துக்கே தெரியும்மா."

"உலகத்தைக் கூப்பிட முடியாது சார். நம்ம வராந்தாவுல போறவங்களைக் கேட்டுப் பார்ப்போமா?"

வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டுக் கணினியை வைத்தாள். காவலர், ஓட்டுநர்கள், தேநீர் கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவராக வந்து பச்சையைத் தொட்டுவிட்டு, ஏதோ பரீட்சையில் தேறியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். கடைசியில் தலைமைக் கணக்கர் வந்தார். நிதானமாகப் பார்த்து, சிவப்பைத் தொட்டார்.

"சார், அது சிவப்பு."

"அப்படியா?" அவர் குனிந்து தன் கழுத்து டையைப் பார்த்துக்கொண்டார். "அப்ப இது? இதை இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லையே!"

"சொல்லியிருக்கோம் சார்," என்றார் தேநீர்க்காரர். "நீங்க அந்தப் பக்கம் போன பிறகு."

வராந்தாவே சிரித்தது. கணக்கரும் சேர்ந்து சிரித்தார். தலைவர் மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைத் துடைத்தார். "மாத்திடுங்க. இப்பவே மாத்துங்க."

மாற்றினாள். இடமிருந்தால் முழு நீல வட்டம். நிரம்பிக்கொண்டிருந்தால் பாதி நீலம், பாதி வெள்ளை. நிரம்பிவிட்டால் ஆரஞ்சு நிறத்தில் சின்னப் பெருக்கல் குறி. நிறமே தெரியாவிட்டாலும் உருவம் காட்டிக்கொடுத்துவிடும். வட்டத்தின் அளவு மிச்சமிருக்கும் இடத்தைச் சொல்லும். ஆட்கள் சேரச் சேர வட்டம் சுருங்கும். "நம்ம ஊர்ல பெரும்புள்ளிங்க நாளாக நாளாக ஊதித்தான் பார்த்திருக்கேன்," என்றார் கணக்கர். "சுருங்கிப் பார்க்கிறது இதுதான் முதல்தடவை."

ஆறு ஒரு முற்பகலில் கரையை உடைத்தது. கட்டுப்பாட்டு அறையில் சுவரளவு திரையில் வரைபடம் ஒளிர்ந்தது. தொலைபேசிகள் வாய் ஓயாமல் அலறின. முகாம்களிலிருந்து கணக்கு வர வர, வட்டங்கள் கண்ணெதிரே சிறுத்தன, பாதியாயின, பெருக்கல் குறியாக மாறின. ஆற்றோரத்தில் எல்லாம் ஆரஞ்சு, மேட்டுப்பக்கம் நீலம். மக்கள் படத்தைப் பார்த்துத்தான் நகர்கிறார்கள் என்பது திரையிலேயே தெரிந்தது. அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயம் பாதி, ஆனந்தம் பாதி.

தச்சர் வேனிலிருந்து கூப்பிட்டார். பின்னால் குழந்தைகளின் சத்தம். "வேன் நிறைஞ்சாச்சு. சந்தைக்குப் பின்னாடி உள்ள பள்ளிக்கூடத்துல பெரிய வட்டம் தெரியுது. அங்க போறேன்."

"போங்க, போங்க!" என்று சொல்லி வைத்தவளுக்கு, வைத்த பிறகுதான் ஏதோ உறுத்தியது. அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த முகாம்கள் எல்லாம் சுருங்கிவிட்டன. அது மட்டும் காலையில் இருந்த அளவிலேயே, மசியாமல் நின்றது.

"அந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கடைசியா எப்ப பேசினாங்க?" என்று கத்தினாள்.

தொலைபேசிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "காலையில பேசினது. அப்புறம் லைன் கிடைக்கவே இல்லை அக்கா."

அவள் மறுபடியும் அந்த வட்டத்தைப் பார்த்தாள். அது பெரிதாக நிற்பது அங்கே இடம் இருப்பதால் அல்ல. அங்கிருந்து செய்தியே இல்லை. அவள் வரைபடமோ இடமிருப்பதையும் செய்தி இல்லாததையும் ஒரே நீலத்தில் காட்டிக்கொண்டிருந்தது. பெரிய வட்டத்தைப் பார்த்து ஊரே அங்கே போகும்.

கணவரைக் கூப்பிட்டாள். அவர் எடுத்தபோது ஒரே கூச்சல். "கேட்கிட்டயே நிக்கிறேன். உள்ள கால் வைக்க இடமில்லை. எனக்குப் பின்னால இன்னும் வண்டிங்க வந்துக்கிட்டே இருக்கு. கரண்டும் இல்லை, பள்ளிக்கூட போனும் வேலை செய்யலைன்னு தலைமையாசிரியை சொல்றாங்க."

"உங்க வாயால சொல்லுங்க. நிரம்பிடுச்சா?"

"நிரம்பி வழியுது!"

அவள் விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. பள்ளிக்கூடம் ஆரஞ்சுப் பெருக்கல் குறியானது. அதோடு நிறுத்தவில்லை. செய்தி வந்து நேரமாகிவிட்ட முகாம் எதுவானாலும், உள்ளே நிறமில்லாமல், விட்டுவிட்டு வரைந்த கோட்டு வளையமாகத் தெரியும்படி புதிய விதி எழுதினாள். நடுவில் ஒரு கேள்விக்குறி. சேமித்ததும் திரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வளையங்கள் முளைத்தன.

தலைவர் பின்னால் வந்து நின்றார். "இது என்ன புதுசா?"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற குறி சார். காலையிலேயே போட்டிருக்கணும்."

"இப்பவாவது போட்டீங்களே," என்றவர், அறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேள்விக்குறி இருக்கிற இடத்துக்கெல்லாம் ஆள் அனுப்புங்க. மோட்டார் சைக்கிள் எடுத்துட்டுப் போங்க!"

பள்ளிக்கூட வாசலில் தச்சர் வேனின் மேல் ஏறி நின்று, கைபேசியை உயர்த்திக் காட்டிக் கத்தினாராம்: "எல்லாரும் போனைப் பாருங்க! இங்க பெருக்கல் விழுந்தாச்சு! மேட்டுத் தெரு சினிமா தியேட்டர்ல முழு வட்டம் இருக்கு. என் பின்னாடி வாங்க!" வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கட்டுப்பாட்டு அறையில் தியேட்டர் வட்டம் மெல்ல மெல்லச் சுருங்கத் தொடங்கியபோது, புள்ளியக்கா நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினாள். மழைநீர் சொட்டச் சொட்ட அப்போதுதான் உள்ளே வந்த கணக்கரும், என்ன ஏதென்று தெரியாமலே, சேர்ந்து தட்டினார்.

மறுநாள் மழை விட்டதும் கணவரும் மனைவியும் அந்தத் தியேட்டருக்குப் போனார்கள். அவளுக்குச் சிவப்பாகவும் அவருக்குப் பழுப்பாகவும் தெரிந்த இருக்கைகளின் மேல் வரிசை வரிசையாகத் துணிகள் காய்ந்தன. மேடையில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கைபேசியைக் காட்டிக்கொண்டிருந்தாள்: "இதோ பாருங்க, இந்தப் பாதி வட்டத்துக்குள்ளதான் நாம எல்லாரும் இருக்கோம்."

புள்ளியக்கா அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அலுவலகத்தில் இந்த வட்டங்கள் அவளுக்கு வெறும் எண்களாக இருந்தன. இங்கே அந்த எண்கள் இருமின, கொட்டாவி விட்டன, சண்டை போட்டுக்கொண்டன.

தியேட்டர் மேலாளர் அவளைத் தேடி ஓடிவந்தார். "நீங்கதான் அந்தப் படம் போடுறவங்களாமே? மேல பால்கனியையும் திறந்துட்டோம்மா. இன்னும் அம்பது, அறுபது பேர் தாராளமாப் படுக்கலாம். அதையும் சேர்த்துடுங்க."

அவள் அங்கேயே, முதல் வரிசை இருக்கையின் கைப்பிடியில் உட்கார்ந்து, கைபேசியில் கணக்கை மாற்றினாள். வட்டம் கொஞ்சம் பெரிதானது. தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள், "வளர்ந்துடுச்சு! நம்ம வட்டம் வளர்ந்துடுச்சு!" என்று குதித்துக்கொண்டு பால்கனிப் படிகளில் ஏறி ஓடினார்கள்.