முதலில் நுழைந்த கொட்டில்

1. காது

முப்பத்திரண்டு வருடம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். மாடு, ஆடு, கோழி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவேன். பன்றி என்றால் மட்டும் கடைசிவரை கொஞ்சம் தடுமாற்றம்தான். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது, குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரத்தில், பன்றிப் பண்ணை வைத்திருந்த ஞானசெல்வி போன் செய்தாள்.

"சார், மொத கொட்டில்ல குட்டிக ரெண்டு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துக் கெடக்கு. காதெல்லாம் நெறம் மாறுது. கொஞ்சம் வாரியளா?"

இலஞ்சியைத் தாண்டி, செங்கோட்டை போகும் வழியில் அவள் பண்ணை. வரிசையாக ஆறு கொட்டில்கள், வெண்பன்றிகள். கணவர் அந்தோணி ஒன்பது வருடமாகக் குவைத்தில் டிரைவர். ஆவணியோடு ஒரேயடியாக ஊர் திரும்புவதாக முடிவு செய்திருந்தார். ஆறாம் கொட்டிலில் இருந்த பதினொரு தாய்ப்பன்றிகளை நம்பித்தான் அந்த முடிவு. நான் போகும்போதெல்லாம், "இதுக நல்லாருந்தா அவுக இங்கனயே இருந்துருவாக சார்" என்பாள்.

போய்ப் பார்த்தேன். குட்டிகளுக்குக் காது நுனியும் அடிவயிறும் கருஞ்சிவப்பாக இருந்தன. காய்ச்சல் நூற்றாறு. எழுப்பிவிட்டால் பின்னங்கால் பின்னியது. பன்றிகளைக் கூண்டோடு அழிக்கும் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்று மனசு சொன்னது. அடுத்த நொடியே ஆப்பிரிக்கன் ஸ்வைன் ஃபீவராக இருந்தால் என்ற பயமும் வந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிளாசிக்கலுக்குத் தடுப்பூசி உண்டு. ஆப்பிரிக்கன் என்று உறுதியானால் பண்ணையில் உள்ள அத்தனையையும் கொன்று, குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடவேண்டும்.

"என்ன சார் சீக்கு?" என்றாள்.

"பாப்போம்மா" என்றேன்.

எங்கள் கால்நடை டாக்டரம்மா வந்தார். என் மகளைவிடச் சின்னவர், எனக்கு அதிகாரி. செத்த குட்டி ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அண்ணாச்சி, கிட்னில புள்ளி புள்ளியா ரத்தம் கட்டிருக்கு. மண்ணீரல் பெருசாவல. கிளாசிக்கல் மாதிரிதான் இருக்கு. ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது. லேபுக்கு அனுப்புவோம்."

அதற்குள் பக்கத்துத் தோப்புக்காரர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள், பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று. இது பன்றியை மட்டும் தாக்குவது, மனுசனுக்கு வராது என்று டாக்டரம்மா நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் தலையாட்டினார்கள். மாஸ்க்கை மட்டும் கழற்றவில்லை.

2. ஊசி போட்ட நாள்

ரிசல்ட் வந்தது. கிளாசிக்கல்தான். ஒரு நோயின் பேரைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது என் சர்வீஸிலேயே அதுதான் முதல் தடவை. ஞானசெல்வி அழுதுவிட்டாள். "அப்போ எல்லாத்தையும் கொல்ல வேண்டாம்லா சார்?"

ஐஸ் பெட்டியில் தடுப்பூசி வந்து சேர்ந்தது. டாக்டரம்மாவுக்குத் தென்காசியில் மீட்டிங். "காய்ச்சல் இல்லாததுக்கு மட்டும் போட்டுருங்க அண்ணாச்சி, நீங்க பாக்காததா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பார்க்காததா? நேராக முதல் கொட்டிலுக்குள் போனேன். மாட்டு வைத்தியத்தில் அதுதான் பழக்கம். சீக்கு மாடு கிடக்கும்போது மற்றதைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு மனசு தாங்காது. சீக்குக் குட்டிகளுக்குக் காய்ச்சல் பார்த்து, மருந்து ஏற்றி, அதே பூட்ஸோடு இரண்டாம் கொட்டில், மூன்றாம் கொட்டில் என்று தடுப்பூசி போட்டுக்கொண்டே நடந்தேன். கையில் இருந்த ஊசிகள் போதவில்லை. பன்றிக்கு ஒன்று போட வழியில்லாமல் கொட்டிலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். திமிறியதில் இரண்டு வளைந்தன. அப்புறம் பழைய ஊசியையே ஸ்பிரிட் பஞ்சில் துடைத்துத் துடைத்துப் போட்டேன். கடைசியாக ஆறாம் கொட்டில்.

"கையி ராசியான கையி சார்" என்று காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

3. யாரைச் சொல்வது?

நாலாம் நாள் இரண்டாம் கொட்டிலில் காய்ச்சல். அதற்கடுத்து மூன்றாவது, நான்காவது. பத்து நாள் ஆவதற்குள் தாய்ப்பன்றிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன.

"ஊசி போட்ட பெறவுதான சார் வந்துருக்கு?" ஞானசெல்வி மெதுவாகத்தான் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "வாக்சின் வேலை செய்ய ஒரு வாரம் ஆகும்மா. அதுக்கு முந்தியே உள்ள இருந்திருக்கும்" என்று எரிந்து விழுந்தேன். அது பொய்யில்லை, அப்படியும் நடக்கும். ஆனால் அத்தோடு நிறுத்தினேனா? "குத்தாலத்து ஓட்டல் வேஸ்ட்ட வேக வைக்காமத் தீனியாக் கொட்டிருப்ப, அதுலதான் வந்துருக்கும்" என்றேன். அவள் என்னைக் கூட்டிப்போய் அடுப்பைக் காட்டினாள். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் வேஸ்ட் கொண்டுவரும் வண்டி மேல் சந்தேகம். குளிர் குறைந்து தடுப்பூசி கெட்டிருக்குமோ என்று ஐஸ் பெட்டி மேல் சந்தேகம். லேப் தப்பாகச் சொல்லிவிட்டதோ, இது ஆப்பிரிக்கன்தானோ என்று ஒருநாள் முழுக்கக் குழம்பினேன். என்னைத் தவிர எல்லார் மேலும் எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டேன்.

டாக்டரம்மா கோபமே படாமல் என் தடுப்பூசிப் பதிவேட்டை வாங்கினார். பக்கத்தில் ஞானசெல்வி காலண்டரில் குறித்திருந்த காய்ச்சல் தேதிகள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எந்தக் கொட்டில்ல ஆரம்பிச்சிய?"

"மொத கொட்டில்ல. சீக்குக்கு மருந்து போட்டுட்டு..."

"நீங்க நடந்த வரிசையிலயே வந்துருக்கு."

பூட்ஸா, ஊசியா, ஏற்கெனவே உள்ளே இருந்ததா, முழுசாக எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. ஆனால் நல்ல கொட்டிலில் தொடங்கியிருந்தால் அந்தப் பதினொரு தாய்களும் தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை நான்தான் கெடுத்தேன்.

4. போன்

ஏழு தாய்கள் போயின. குழியை மூடிய அன்று ஞானசெல்வியிடம் சொன்னேன், நடந்ததை அப்படியே. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டுக் குவைத்துக்கு போன் போட்டு என் கையில் தந்தாள்.

"அவுககிட்ட நீங்களே சொல்லிருங்க சார். எனக்கு வாய் வராது."

ஒன்றும் விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் வண்டி ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எத்தன மிச்சம் சார்?"

"நாலு தாய்."

"நாலை வச்சு என்ன செய்ய முடியும் சார்? இங்க இன்னும் ரெண்டு வருசம் வேலை பாக்கேன்னு எழுதிக் குடுத்துருதேன். அவகிட்டச் சொல்லிருங்க."

அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாலுக்கும் அடுத்த ஊசி எப்பம் சார்?" என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல கொட்டிலில் தொடங்குங்கள், சீக்குக் கொட்டிலுக்குக் கடைசியில் போங்கள். ஒரு பன்றிக்கு ஒரு ஊசி. ஊசி தீர்ந்தால் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள், யார் என்ன சொன்னாலும் சரி. நான் நிறுத்தவில்லை. அந்தோணி இன்னும் குவைத்தில்தான் இருக்கிறார்.