என்மேல் வராதவள்

பேய் பிடித்த பெண்ணுக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. நாலு பேர் கூடுவார்கள், பயப்படுவார்கள், எலுமிச்சம்பழம் வாங்கி வருவார்கள். பைத்தியம் பிடித்தவளுக்கு அதெல்லாம் கிடையாது. பேய் வெளியிலிருந்து வருவது, விரட்டினால் போய்விடும். பைத்தியம் ரத்தத்தில் இருப்பது. அப்புறம் அந்த வீட்டில் அடுத்த பெண்ணை எவன் கட்டுவான்? எனக்குத் தங்கைகள் இருந்தார்கள். அதனால் எனக்குப் பேய்தான் பிடித்தாக வேண்டும்.

எழுபதுகளில், வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த அம்மா வீட்டில் எனக்கு முதல் பிரசவம். குழந்தை நன்றாகப் பிறந்தது. நான்தான் கெட்டுப்போனேன். தூக்கம் இல்லை, சோறு தொண்டையில் இறங்கவில்லை. குழந்தை அழுதால், யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிறது என்பதுபோல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து மனசில் ஒன்றுமே தோன்றவில்லை என்று யாரிடம் சொல்வது? இதை எழுதும்போதும் கூசுகிறது. படித்தால் என் மகள் என்ன நினைப்பாளோ தெரியவில்லை.

முதலில் முருகன் கோயில் திருநீறு பூசினார்கள். பிறகு தாயத்து. அதற்கும் கேட்காமல் போகவே, உடுக்கை அடிக்கும் பூசாரி ஒருவரை வெளியூரிலிருந்து அழைத்துவந்தார்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு வாசலில் உட்கார வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. என்னோடு படித்தவர்கள், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் எல்லாரும். பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது. மாராப்பை இழுத்துவிடக் கையைத் தூக்கினால், "ஆடுது பாரு, ஆடுது பாரு" என்றார்கள். செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. வேப்பிலைக் கொத்து முதுகில் விழுந்துகொண்டே இருந்தது.

"யாரு நீ? பேரச் சொல்லு. பேரச் சொன்னாதான் வுடுவேன்," என்றார் பூசாரி.

நான் என் பெயரைத்தான் சொன்னேன். அதற்கும் அடி விழுந்தது. சொந்தப் பெயரைச் சொன்னதற்காக அடி வாங்கிய புண்ணியவதி நானாகத்தான் இருப்பேன். கடைசியில் அவரே வழி காட்டினார்.

"தண்ணில போனவளா நீ?"

ஊரில் தண்ணீரில் போனவள் ஒருத்திதான், எதிர்வீட்டு அத்தையின் மகள். கல்யாணம் ஆகாதவள். முந்தின வருஷம் ஏரியில் மிதந்தாள். துணி துவைக்கப் போனவளுக்குக் கால் வழுக்கிவிட்டது என்று அத்தை சொன்னாள். துவைக்க வேண்டிய துணியெல்லாம் வீட்டிலேயே கிடந்தது என்று ஊர் சொன்னது. நான் தலையை ஆட்டினேன். அவள் பெயரைச் சொன்னேன். அடி நின்றது.

அம்மா நிம்மதியில் அழுதாள். அப்பாடா, பேய்தான். அமாவாசையன்று என் உச்சிமுடியில் கொஞ்சம் எடுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டால், அவள் மரத்தோடு கட்டுப்பட்டுக் கிடப்பாள், திரும்ப வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் பூசாரி போனார்.

மறுநாள் மத்தியானம் அத்தை வந்தாள். மகள் போனதிலிருந்து யார் வீட்டுப் படியும் ஏறாதவள். கையில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்குப் பிடித்த முடியை விரலாலேயே பிரித்துவிட்டாள்.

"துன்னு கண்ணு. உனக்குப் புடிக்குமேன்னுதான் செஞ்சேன்." அடுத்த சிக்கை எடுத்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டி போன? அம்மா திட்டுனேனே, அதுக்கா?"

நான் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். தினமும் வந்தாள், தினமும் சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளுடைய மகளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நானாக இருந்தால் குழந்தையைத் தூக்க வேண்டும்.

அமாவாசை நெருங்கியதும் அத்தை என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆணி மட்டும் அடிக்க வாணாம்மா. எம்பொண்ணு உம்பொண்ண இன்னா பண்ணிடப் போறா? இருந்துட்டுப் போவட்டுமே."

"எம்பொண்ணு பொழைக்க வாணாவா அண்ணி? கைக்கொழந்த கீது," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் அழுதார்கள். நடுவில் நான் மண்ணு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். மறுபடியும் வாசலில் உட்கார வைத்து அடிப்பார்களே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. ஆணி அடித்தார்கள். அத்தை அன்று கதவைச் சாத்திக்கொண்டவள், அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

எனக்கு ஒன்றும் குணமாகவில்லை. கிண்டியில் கம்பெனி வேலை பார்த்த என் வீட்டுக்காரர்தான் மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பிள்ளை பெற்ற சில பேருக்கு இப்படி வருவதுண்டு, காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய்தான் என்று டாக்டரம்மா சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர்களிடம் கர்ப்பப்பைக் கோளாறு என்று சொன்னோம். மெல்ல மெல்லத் தேறினேன். பேரெல்லாம் ஆணிக்குப் போனது. எங்கள் வீட்டில் ஒருவரும் மறுக்கவில்லை, நானும்தான். தங்கைகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது.

மகள் நடக்க ஆரம்பித்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். அமாவாசை தவறாமல் அத்தை அந்தப் புளியமரத்தடியில் சோறு வைத்துவிட்டு, உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. மகள் ஆணிக்கடியில் கிடந்து தவிக்கிறாள் என்றல்லவா அந்த மனுஷி வேதனைப்படுகிறாள், உண்மையைச் சொல்லிவிட்டால் அவளுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை என்று நினைத்தேன். பெரிய தர்மவதி மாதிரி எதிர்வீட்டுக்குப் போனேன். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, உம்பொண்ணு எம்மேல வரவே இல்ல. அடி தாங்காம அவ பேரச் சொல்லிட்டேன். எனக்கு இருந்தது வேற நோவு, ஆஸ்பத்திரில சொன்னாங்கோ. அந்த மரத்துல அவ இல்ல அத்தே."

திட்டுவாள், முறத்தாலேயே அடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ," என்றாள், "அவ என்னப் பாக்க வரவே இல்லியா?"