பெட்டியின் மேல் எழுதிய ‘மு’

டொமினிக் அண்ணை பொய் சொன்னவர். ரொக்ஸ்பரோ சேர்ச்சில் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது இன்றைக்கும் அதையே சொல்லித் திரிகிறார். நான் பிழையான தோட்டா டை விற்று ஒருவரின் வேட்டையைக் கெடுக்கப் பார்த்தேனாம். நடந்தது இதுதான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. பியர்ஃபொன்ட்ஸில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். சுட்ட தோட்டாக் கோதுகளைத் திரும்ப நிரப்புகிறவர்களுக்கான சாமான்கள் என் பொறுப்பு. சுடும்போது பித்தளைக் கோது ஊதிவிடும். அதைப் பழைய அளவுக்குச் சுருக்குகிற இரும்பு அச்சுத்தான் சைஸிங் டை. கழுத்தை மட்டும் சுருக்குவது நெக் டை. உடலையும் சேர்த்துச் சுருக்குவது ஃபுல் லெங்த். அதே துப்பாக்கியில் சுட்ட கோது என்றால் நெக் டை போதும். வேறு துப்பாக்கியில் சுட்டதென்றால் ஃபுல் லெங்த்தான் வேண்டும்.

இரண்டு பெட்டியும் ஒரே சிவப்பு. மாறக் கூடாதென்று மார்க்கரால் ‘க’, ‘மு’ என்று எழுதிவைத்தேன். கழுத்து, முழு.

லூக் என்ற வாடிக்கையாளர், தன் தமையன் வேறு துப்பாக்கியில் சுட்ட கோதுகளுக்கு டை கேட்டார். கடதாசித் துண்டில் ‘மு’ என்று எழுதி, உள்ளே இருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லி டொமினிக்கிடம் நீட்டினேன்.

வியாழக்கிழமை லூக் துப்பாக்கியையும், டையும் கோதுகளும் இருந்த பையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவர் நிரப்பிய தோட்டா ஒன்றைப் போட்டும் துப்பாக்கியின் போல்ட், அந்தப் பூட்டுத் தண்டு, பூட்டவில்லை.

“சனிக்கிழமை மூஸ் மான் வேட்டை. இதுகளை மூஸுக்குக் கல்லு மாதிரி எறியவோ?” என்று பிரெஞ்சில் கத்தினார்.

தமிழ் தெரியாத முதலாளி பில்லோடு குத்தியிருந்த துண்டை எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று டொமினிக்கிடம் கேட்டார்.

“நெக் எண்டு எழுதியிருக்கு. தாசன் எழுதினதைத்தான் குடுத்தனான்,” என்று என்னைக் காட்டினார்.

முதலாளி என் கோட்டைக் கொளுக்கியிலிருந்து கழற்றி என் கையில் தந்தார். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

“அண்ணை, உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதோ?” என்றேன்.

“சும்மா இரடா. எனக்கு மூண்டு பிள்ளையள்.”

“எனக்கு ரெண்டு. அதுகள் காத்தையோ குடிக்கிறது?”

கோட்டை எறிந்துவிட்டு உள்ளே போய் ‘மு’ பெட்டியை எடுத்து வந்தேன். லூக்கின் பையிலிருந்த பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன். நடுவில் துண்டு.

“வாசிக்க வேண்டாம். படம் மாதிரிப் பாருங்கோ,” என்றேன் முதலாளியிடம்.

அவர் கண்ணாடியைப் போட்டார். துண்டில் விரல் வைத்தார், பிறகு என் பெட்டியில். “மெம்.” அதேதான். பிறகு லூக்கின் பெட்டியில். “பா மெம்.” அது இல்லை.

நான் அதோடு விடவில்லை. லூக்கின் வெறும் கோது ஒன்றுக்கு மெழுகு தடவி, ஃபுல் லெங்த் டையில் அழுத்தி எடுத்துத் துடைத்து, அவரின் துப்பாக்கியில் போட்டேன். போல்ட் வெண்ணெய் மாதிரி இறங்கிப் பூட்டியது. லூக் என் முதுகில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. முதலாளி குனிந்து என் கோட்டைப் பொறுக்கி, தூசி தட்டி, கொளுக்கியில் தானே மாட்டினார்.

டொமினிக்கை வேலையால் நிற்பாட்ட வேண்டாம் என்று கேட்டதும் நான்தான். மூன்று பிள்ளைகள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, டை எடுக்க முதல் “எந்தத் துவக்கிலை சுட்டது?” என்று கேளுங்கள். பெட்டியை உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள்.

டொமினிக் அண்ணை, வருகிற ஞாயிறு பூசை முடிய, அதே மண்டபத்தில், எல்லாரும் இருக்க மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கோ: அந்தத் துண்டில் இருந்தது என்ன எழுத்து?